சீட்டை அமுக்கிப் பார்த்து வாங்காதீர்கள்

மைசூரிலிருந்து ஊட்டிக்கு பைக்கில் புறப்படுகிறவர்களுக்கு நஞ்சன்கூடு தாண்டும்வரை சீட் என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. குண்டல்பேட்டையில் காபிக்கு இறங்கும்போது பின்புறம் லேசாகக் கனத்திருக்கும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பந்திப்பூர் சோதனைச் சாவடிக்கு அப்பால்தான் சோதனை. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிக் கிடக்கும் அந்தக் காட்டுச் சாலையில் பகலிலும் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது. வேகத்தடைகளுக்குக் குறைவில்லை. காலை உதறிக்கொள்ள வழியில்லை. தெப்பக்காடு வந்து, மசினகுடி வழியாகக் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கும்போது இடுப்புக்குக் கீழே இரண்டே இரண்டு இடங்களில் வலி குத்தத் தொடங்கியிருக்கும்.

ஊர் திரும்பியதும் குஷன் கடைக்குப் போய் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் கொஞ்சம் மெத்துன்னு போட்டுக் குடுங்க." கடினத்தால் வலித்தது, அதனால் மென்மை வலியைத் தீர்க்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நாலைந்து மணி நேரப் பயணத்தைப் பொறுத்தவரை இந்த நினைப்பு பெரும்பாலும் தலைகீழானது. கடையில் கையால் அமுக்கிப் பார்த்தபோது சுகமாக இருந்த சீட்தான் காட்டுக்குள் முதலில் காலை வாருகிறது.

வலிக்கிற அந்த இரண்டு இடங்கள் எவை? இடுப்பெலும்பின் அடியில் இடமும் வலமுமாக இரண்டு மழுங்கிய முனைகள் உண்டு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து உள்ளங்கையைப் பின்புறத்துக்கு அடியில் கொடுத்தால் அவை தட்டுப்படும். உட்காரும் எலும்புகள் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்த நிலையில் உடலின் பாரத்தைத் தாங்க இயற்கை விட்ட இடம் இதுதான். அவற்றுக்கு இடையிலுள்ள தொலைவு ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலோருக்கு 10 முதல் 14 சென்டிமீட்டருக்குள் அமையும், பெண்களுக்குப் பொதுவாகச் சற்று அகலம். இந்த எலும்புகளுக்கும் சீட்டுக்கும் நடுவில் தோல், கொழுப்பு, கொஞ்சம் தசை, இவற்றுக்கு உள்ளே நுண்ணிய ரத்தக் குழாய்கள்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். ரைடரின் எடை 75 கிலோ. கைகளும் கால்களும் ஒரு பங்கைத் தாங்க, 50 கிலோ சீட்டில் இறங்குகிறது என்று கொள்வோம். பின்புறமும் தொடையுமாக 1000 சதுர சென்டிமீட்டர் சீட்டில் படிகிறது. இதுவே தாராளமான கணக்கு. அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம். ரத்த அழுத்தத்தை அளக்கும் அலகில் சொன்னால் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் பாதரசம். 1930இல் யூஜின் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் விரல் நகத்தடியில் உள்ள நுண்குழாய்களின் அழுத்தத்தை நேரடியாக அளந்தபோது, ரத்தம் நுழையும் முனையில் கிடைத்த சராசரி சுமார் 32. பின்புறத்துக்கு அதே எண்ணை அப்படியே ஒட்ட முடியாது. ஆனாலும் நிலைமை புரிகிறது: எடையை முற்றிலும் சமமாகப் பரப்பிவிட்டாலும் நுண்குழாய்கள் நெருக்குதலுக்கு அருகில்தான் இருக்கின்றன. எடை சமமாகப் பரவாமல் அந்த இரு எலும்புகளின் அடியில் குவிந்தால் அழுத்தம் பல மடங்காகிவிடும்.

1959இல் மைக்கேல் கோசியாக் என்ற அமெரிக்க மருத்துவர் நாய்களிடம் செய்த ஆய்வு, படுக்கைப் புண்ணைப் பற்றிய சிந்தனையையே மாற்றியது. அதிக அழுத்தம் கொஞ்ச நேரத்தில் செய்கிற சேதத்தைக் குறைந்த அழுத்தம் நெடுநேரத்தில் செய்துவிடும் என்று அவர் காட்டினார். பைக் ஓட்டுகிறவருக்குப் படுக்கைப் புண் வருவதில்லை, ஏனென்றால் அவருக்கு உணர்வு இருக்கிறது. வலித்தால் நகர்ந்து உட்காருகிறார். இதிலிருந்து சீட் வாங்குகிறவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. அழுத்தமே இல்லாத சீட் உலகத்தில் கிடையாது. எடையைப் பரப்புவதோடு, நகர்ந்து உட்காரவும் இடம் விடுவதே நல்ல சீட்.

மெத்தென்ற சீட் எடையைப் பரப்புவது, நகர இடம் விடுவது இரண்டிலும் தோற்கிறது. காரணம் ஃபோமின் உள்ளே இருக்கிறது. 1937இல் ஓட்டோ பேயர் ஜெர்மனியில் கண்டுபிடித்த பாலியூரித்தேனின் வாரிசுதான் நம் சீட்டுக்குள் இருக்கும் ஃபோம். அது நுண்ணிய அறைகளின் கூட்டம். அமுக்கும்போது முதலில் அறைச் சுவர்கள் வளைகின்றன. அந்த அளவில் ஃபோம் ஒரு ஸ்பிரிங். இன்னும் அமுக்கினால் சுவர்கள் மடியத் தொடங்கும். இந்தக் கட்டத்தில் பாரம் கொஞ்சம் கூடினாலும் ஃபோம் நிறைய இறங்கும். நாம் 'சுகம்' என்று சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். அதையும் தாண்டினால் மடிந்த சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் போகும். அதன்பின் ஃபோம் வெறும் பிளாஸ்டிக் பாளம். மிருதுவான ஃபோமில் உட்காரும் எலும்புக்கு அடியிலுள்ள பகுதி விரைவில் இந்தக் கடைசிக் கட்டத்தை எட்டிவிடுகிறது. பார்ப்பதற்கு மூன்று அங்குல சீட். எலும்பு உட்கார்ந்திருப்பதோ அடித்தட்டின் மேல்.

இது உடனே நடப்பதில்லை என்பதால்தான் கடையில் ஏமாறுகிறோம். ஒரே பாரம் தொடர்ந்து இருந்தால் ஃபோம் மெதுவாக இறங்கிக்கொண்டே போகும். வெயிலும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். இரண்டு நிமிட ஃபோம் வேறு, இரண்டு மணி நேர ஃபோம் வேறு. இதோடு இன்னொரு சிக்கல்: மிருதுவான சீட்டில் உடல் குழிக்குள் புதைந்துவிடுகிறது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய பகுதியும் வால் எலும்பும் பாரம் தாங்க வேண்டியதாகிறது. மரத்துப்போதல் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது, அந்த வழியாக ஓடும் நரம்பு அழுந்துவதால்.

ஃபோம் கடையில் '32 டென்சிட்டி', '40 டென்சிட்டி' என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை இத்தனை கிலோ என்று அர்த்தம். பலரும் இதையே கடினத்தின் அளவு என்று நினைத்துவிடுகிறார்கள். டென்சிட்டி வேறு, கடினம் வேறு. ஒரே டென்சிட்டியில் மெத்தென்ற ஃபோமும் கிடைக்கும், விறைப்பான ஃபோமும் கிடைக்கும். டென்சிட்டி முக்கியமாகச் சொல்வது ஆயுளை: குறைந்த டென்சிட்டி ஃபோம் இலவம்பஞ்சு மெத்தை போலச் சீக்கிரம் அழுந்திப்போய் அப்படியே நின்றுவிடும். சோபாவுக்குப் போடுகிற ஃபோமை வெட்டி சீட்டில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கீழே விறைப்பான ஃபோம், மேலே ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மிருதுவான ஃபோம் என்று இரண்டடுக்காகச் செய்வது நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவில் மைக் கார்பின் 1968இல் தொடங்கிய சீட் நிறுவனம் தொலைதூர ரைடர்களிடையே உலகப் புகழ் பெற்றது. அந்தச் சீட்டுகள் புதிதாக உட்காருகிறவர்களுக்குப் பலகை மாதிரித்தான் இருக்கும்.

ஃபோமைவிட முக்கியமானது வடிவம். மைசூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளியூர் உதாரணம் தேவையில்லை. யாதவகிரியில் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை ஜாவாவையும் யெஸ்டியையும் செய்துகொண்டிருந்தது. ஜூலை இரண்டாம் ஞாயிறு, ஜாவா தினத்தன்று ஊருக்குள் வரும் பழைய வண்டிகளைப் பாருங்கள்: ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து ஒரே நீள சீட். அதில் முன்னால் தள்ளி உட்காரலாம், களைத்தால் பின்னால் நகரலாம். இன்றைய பைக்குகள் பலவற்றில் ஓட்டுகிறவருக்குத் தனிக் குழி, பின்னால் ஒரு படி. குழி இடுப்பைப் பிடித்து நிறுத்துகிறது, பார்க்க அழகு, சீட் உயரமும் குறைகிறது. ஆனால் ஒரே தோரணையில் உடலைப் பூட்டியும் விடுகிறது. பழைய வண்டிகளின் மேல் எனக்குள்ள பாசத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், நகர இடம் விடும் தட்டையான சீட்டுக்கே என் வாக்கு.

முன்பக்கம் சரிந்த சீட்டையும் தவிர்க்க வேண்டும். சரிவில் உடல் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு முறை பின்னால் தள்ளி உட்கார வேண்டும். கல்லட்டியில் அது நிம்மதியைக் கெடுத்துவிடும். எலும்புகள் உட்காருகிற இடத்தில் அகலம் வேண்டும், தொடைகள் இறங்குகிற முன்பக்கத்தில் ஒடுக்கம் வேண்டும். இரண்டு இடத்திலும் அகலமாக இருந்தால் கால் தரைக்கு எட்டாது. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450இன் சீட் உயரம் 825 மில்லிமீட்டர் என்று விவரப் பட்டியலில் இருக்கும். கால் எட்டுமா என்பதை அந்த எண் மட்டும் சொல்லாது. கால் இறங்கும் பாதையில் சீட் எவ்வளவு அகலம் என்பதும் சேர்ந்துதான் சொல்லும். உயரம் குறைந்தவர்கள் உடனே ஃபோமைச் செதுக்கச் சொல்கிறார்கள். செதுக்கினால் கால் எட்டும். கூடவே பாரம் தாங்கும் தடிமனும் போகும், முழங்காலும் அதிகமாக மடங்கும். முன்பக்க ஓரங்களை மட்டும் ஒடுக்கச் சொல்வது மேல்.

வெளிநாட்டு சீட்டுகளை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் உடல் அளவுகள் வேறு என்பதால்தான் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் தேவ்குமார் சக்ரவர்த்தியின் இந்திய உடலளவுத் தொகுப்பைத் தனிப் புத்தகமாக வெளியிட்டது. உங்கள் அளவை நீங்களே எடுக்கலாம். கெட்டியான பலகை மேல் நெளி அட்டை ஒன்றை, பார்சல் பெட்டியிலிருந்து வெட்டியது போதும், வைத்து ஒரு நிமிடம் நிமிர்ந்து உட்காருங்கள். இரண்டு பள்ளங்கள் விழும். அவற்றின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்தால் அதுதான் உங்கள் எலும்பு அகலம். சீட்டின் தட்டையான பகுதி இதைவிட இரு பக்கமும் சில சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். தையலோ, பைப்பிங்கோ அந்தப் பள்ளங்கள் விழும் இடத்தில் வரவே கூடாது.

அடுத்து அதிர்வு. "இன்ஜின் அதிர்வு சீட்டில் தெரியுது, ஜெல் போட்டா போயிடுமா?" என்று கேட்பார்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 4000 சுற்று சுற்றினால் வினாடிக்கு 67 அதிர்வு. இவ்வளவு வேகமான அதிர்வைச் சாதாரண ஃபோமே பெரும்பாலும் விழுங்கிவிடும். கைக்கும் காலுக்கும்தான் அது அதிகம் தெரியும். நம் முதுகைப் பாடுபடுத்துவது வேறு. மேலும் கீழுமான அதிர்வில் மனித உடல் மிகவும் கூச்சப்படுவது வினாடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளுக்கு. உட்கார்ந்த மனிதர் மேல் படும் அதிர்வை அளக்க 1997இல் வந்த சர்வதேசத் தரமும் அந்த வரம்பை ஒட்டிய அதிர்வுகளுக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது. தோராயமாக மூன்று மீட்டருக்கு ஒரு மேடு என்று அலையாகக் கிடக்கும் தார்ச்சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் கிடைப்பது வினாடிக்கு 4.6. சரியாக அந்த வலைக்குள். 2023 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூரு–மைசூர் விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் இருசக்கர வாகனங்களுக்குத் தடை. நம் பாடு சர்வீஸ் ரோடு, அதன் மேடு பள்ளங்களோடு.

இங்கேதான் தடித்த மெத்தை எதிரியாகிறது. ஃபோமும் அதன் மேல் உட்கார்ந்த உடலும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங் ஊஞ்சல். அதற்கென்று ஓர் இயல்பான ஆட்டம் உண்டு. தடிமனான, மிருதுவான ஃபோமில் அது இதே குறைந்த எண்களுக்கு அருகில் வரும். சாலையின் தாளமும் ஃபோமின் தாளமும் ஒன்றானால் சீட் அதிர்வைக் குறைக்காது, பெருக்கிவிடும். பின் ஷாக் அப்சார்பர் செய்ய வேண்டிய வேலையை ஃபோமிடம் கேட்பதே தவறு. முதுகு வலிக்கிறது என்று சீட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் ஷாக் அப்சார்பரின் முன்னிறுக்கத்தை (பிரீலோடு) உங்கள் எடைக்கும் மூட்டைக்கும் தக்கபடி மாற்றிப் பாருங்கள். கைச் செலவு இல்லாத வைத்தியம் அது. வேகத்தடையில் ஃபுட்பெக்கின் மேல் லேசாக எழுந்து நிற்பது இன்னொன்று; எந்த ஃபோமும் உங்கள் முழங்காலுக்கு ஈடாகாது.

ஜெல், மெமரி ஃபோம், ஏர் சீட் மூன்றும் சந்தையில் அதிசயப் பொருள்களாக விற்கப்படுகின்றன. ஊட்டிப் பாதை மூன்றையும் சோதித்துவிடும்.

மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்காக சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது, விமான இருக்கைகளை மனத்தில் வைத்து. அதன் குணம் வெப்பத்தைப் பொறுத்தது. சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். மைசூர் வெயிலில் நிறுத்தி எடுத்த வண்டியில் அது குழைந்து அடித்தட்டைத் தொடும். மார்கழிக் காலையில் ஊட்டியில் கட்டையாகிவிடும். படுக்கையில் அறையின் வெப்பநிலை பெரிதாக மாறுவதில்லை, அதனால் அங்கே அது நல்ல பொருள். பைக்கில் மெல்லிய மேலடுக்காக மட்டும் இருந்தால் மன்னிக்கலாம்.

ஜெல் அமுங்குவதில்லை, பக்கவாட்டில் நகர்கிறது. கூர்மையான அழுத்தத்தைச் சுற்றிலும் பகிர்ந்துவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கீழே நல்ல ஃபோம் இருந்தால்தான் அந்தப் பலன். கூடவே ஜெல் வெப்பத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். கறுப்பு ரெக்ஸினுக்கு அடியில் ஜெல் வைத்து வெயிலில் நிறுத்தினால், திரும்ப வந்து உட்காரும்போது புரியும்.

மூன்றிலும் எனக்குப் பிடித்தது காற்றறை சீட்தான், அதிலும் தனித்தனி அறைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் வகை. அமெரிக்காவில் ராபர்ட் கிரேப் என்ற பொறியாளர் சக்கர நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குப் புண் வராமல் தடுக்க உருவாக்கிய ரோஹோ மெத்தை இந்த வகையின் தாய். பைக்குக்கான ஏர்ஹாக் அதிலிருந்து வந்தது. பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்ன விதிதான் அடிப்படை: அடைபட்ட பாய்பொருளில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும். எலும்புக்கு அடியில் அறை அமுங்கினால் அதன் காற்று பக்கத்து அறைகளுக்குப் போய்த் தொடையைத் தாங்குகிறது. முன்னே சொன்ன 37 என்ற லட்சிய எண்ணுக்கு மிக அருகில் வருவது இதுதான்.

ஆனால் மலை ஏறும்போது ஒரு வேடிக்கை நடக்கும். மைசூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர், ஊட்டி 2240. இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. மைசூரில் அளவாக ஊதிய காற்று மேலே போகப் போக ஐந்தில் ஒரு பங்குவரை விரியப் பார்க்கும். குளிர் அதைக் கொஞ்சம்தான் குறைக்கும். விளைவு, அளவாக இருந்த மெத்தை உப்பி, அதன் மேல் உடல் மிதந்து ஆடத் தொடங்கும். வண்டியைச் சாய்க்க வேண்டிய வளைவுகளில்தான் இந்த ஆட்டம் வருகிறது. சிலர் சீட்டையே குறை சொல்லிக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். மசினகுடியில் டீக்கு நிறுத்தும்போதும் மேலே போனதும் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விட்டால் போதும். திரும்பி இறங்கியதும் மறுபடி ஊத வேண்டும், இல்லையென்றால் எலும்பு தட்டும். எலும்புக்கும் அடிச் சீட்டுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் காற்று இருந்தால் அதுவே சரியான அளவு. கல்லாக ஊதிவைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

மேலுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரெக்ஸின் காற்றை விடாது. வியர்வையில் ஊறிய தோல் துணியோடு அதிகமாக உரசும், எரிச்சல் அங்கே தொடங்கும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தேன்கூட்டு வலை உறையைக் கேலி செய்யாதீர்கள். அது எடையைப் பரப்புவதில்லை, ஆனால் அடியில் காற்று ஓட வழி விடுகிறது. சமவெளிக் கோடையில் அதுவே பாதி நிம்மதி. நீலகிரி மழையில் போகிறவர்கள் ஃபோமுக்கும் உறைக்கும் நடுவில் தண்ணீர் புகாத தாள் ஒன்றைக் கேட்டுப் போடச் சொல்ல வேண்டும். தையல் துளை வழியாகத் தண்ணீர் குடித்த ஃபோம் நாள்கணக்கில் காயாது.

பின்னால் உட்காருகிறவரை மறந்துவிட்டு வாங்கப்படும் சீட்டுகளே அதிகம். பின்சக்கரத்துக்கு மேலேயே உட்காருவதால் மேடு பள்ளம் அவருக்கு அதிகமாகத் தெரிகிறது. எதிரே வருவதைப் பார்க்க முடியாததால் உடலைத் தயார்ப்படுத்திக்கொள்ளவும் முடியாது. கால் வைக்கும் இடம் உயரமாக இருப்பதால் தொடை சீட்டில் படியாது, பாரம் முழுக்க அந்த இரு எலும்புகளுக்கே. புடவையில் ஒருபக்கமாக உட்காருகிற அம்மாவுக்குப் பாதி எலும்புதான் கணக்கு. ஒடுக்கமான பின்சீட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அவரையும் கடைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது என்ன செய்யலாம்? அமுக்கிப் பார்ப்பதை விடுங்கள். தெரிந்தவர் வண்டியில் அதே சீட் இருந்தால் ஒரு காலை நேரம் கடன் கேளுங்கள். மைசூர்–குண்டல்பேட்டை போய் வந்தால் சுமார் 120 கிலோமீட்டர், நடுவில் அதிகம் இறங்காமல். முதல் அரை மணி நேரம் என்ன தோன்றினாலும் பொருட்படுத்தாதீர்கள். இரண்டாம் மணி நேரத்தில் எத்தனை முறை நகர்ந்து உட்காரத் தோன்றுகிறது, நகர்ந்தால் வலி குறைகிறதா என்று மட்டும் பாருங்கள். குஷன் கடையில் செய்கிறீர்கள் என்றால் உறையைத் தைத்து மூடுவதற்கு முன் வெறும் ஃபோமோடு ஒரு முறை ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். திருத்துவது அப்போதுதான் சுலபம். பழைய ஃபோமைத் தூக்கிப் போடவும் வேண்டாம். வண்டியோடு வந்த சீட் பிடிக்காவிட்டாலும் அடித்தட்டும் பூட்டும் வண்டிக்குப் பொருந்தியவை, அவற்றை வைத்தே மாற்றலாம்.

சட்டமும் கொஞ்சம் நினைவிருக்கட்டும். மத்திய மோட்டார் வாகன விதி 123 இருசக்கர வாகனத்தில் பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால் வைக்குமிடமும் இருந்தாக வேண்டும் என்கிறது. அழகுக்காகக் கைப்பிடிப் பட்டையை எடுத்துவிட்டுத் தைத்துத் தரும் கடைகள் இருக்கின்றன. அதைத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லாமல் வண்டியை எடுக்காதீர்கள். எந்த சீட் வாங்கினாலும், வண்டியை விட்டு இறங்கிச் சில மணி நேரம் கழித்தும் மரப்பு போகவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியவர் குஷன் கடைக்காரர் அல்ல, மருத்துவர்.